மைதானத்தில் மக்காச்சோளம்

டீச்சர்,

இன்று காலை கச்சிராயபாளையம் சாலையில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கரும்பு லாரி டயர் வெடித்து நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மூக்கில் முதலில் ஏறியது அந்த வாடைதான். ஈர மக்காச்சோளம் வெயில் பட்டுப் புழுங்குகிற வாடை. யாரோ சாலையில் பாதியை அடைத்துப் படுதா விரித்துக் கொட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த காலேஜ் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. தொண்டையில் சுணை ஏறி இருமல் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "இன்னாங்க, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். சோளத் தூசி என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீங்கள் போய் மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஐப்பசி மழையில் உங்களை அடக்கம் செய்தோம். அதற்கப்புறம் கல்லறைத் திருநாளன்று வந்து பார்த்தபோது சிலுவையில் உங்கள் முழுப்பெயரையும் இனிஷியலோடு எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் திகைத்தே போனேன். இத்தனை வருஷத்தில் நான் உங்களை டீச்சர் என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். ஒரே அறையில் இரண்டு டீச்சர், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் சிரிக்கும். இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது கல்லிலேயே இருக்கட்டும்.

எழுத உட்கார்ந்த சமாச்சாரமே வேறு. ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். புதிதாக வந்திருக்கும் எச்.எம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "மேம், நீங்கதான் சீனியர். ஸ்கூலோட வரலாறு ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல பெண்தான். சேலத்துக்காரி. வயசு என் மூத்த மகள் வயசுதான் இருக்கும். எனக்கோ இது கடைசி வருஷம். முட்டி வலி ஒரு பக்கம். மொபைலைத் திறந்தால் வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, எவன் எந்த ஊசி போட்டுக்கொண்டான் என்கிற விவரம் என்று ஒரு பக்கம். பாடம் நடத்துவதற்கு முன்பே தொண்டை வற்றிப்போகிறது. அறிவியல் டீச்சருக்கு வரலாறு எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். மேடம் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரமாகத் தாளை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறேன். முதல் வரி எழுதினால் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். உங்களை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு ஏதோ பள்ளிக்கூடமாகிவிடுகிறது. சரி, முதலில் உங்களுக்கே எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் மாற்றலாகி வந்தபோது நம் பள்ளி எட்டாவது வரைதான். கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்தது அப்போது. டவுன் முடிந்து, நெல் வயலும் கரும்பும் ஆரம்பிக்கிற இடம். முன்னால் ஓட்டுக் கட்டடம், பின்னால் ஒழுகுகிற தளம் போட்ட இரண்டு அறை. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மழை இறங்குவது அங்கே முதலில் தெரியும், நாம் கொடியில் காயும் புடவையை எடுத்துவிடலாம். ரிஷிவந்தியத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கிய என்னைப் பார்த்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? "சாப்பாடு எடுத்தாந்தீங்களா டீச்சர்? இங்க கடை கெடையாது." அன்றைக்கு உங்கள் டப்பாவில் இருந்த கருவாட்டுக் குழம்பைக் கொடுக்கலாமா கூடாதா என்று நீங்கள் தயங்கியதும், நான் கையை நீட்டியதும்கூட நினைவிருக்கிறது.

எட்டாவது முடிந்தால் பையன்கள் டவுனுக்கு சைக்கிளில் போனார்கள். பெண் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அது ஒரு ஏற்பாடு மாதிரியே நடந்தது. ஏப்ரல் மாதம் வரை எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பெண், ஜூன் மாதம் தலையில் களைக்கட்டோடு பள்ளி வாசலைக் கடந்து போகும். நம்மைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்ளும். உங்களுக்கு அது பொறுக்காது. "அல்ஜீப்ரா நல்லா வரும் டீச்சர் அதுக்கு" என்று, வகுப்பை விட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அப்பா மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்து உங்களைப் படிக்க வைத்தவர். அதனால்தானோ என்னவோ, எங்களுக்கெல்லாம் வருத்தமாக இருந்தது உங்களுக்குக் கோபமாக இருந்தது.

உயர்நிலைப் பள்ளியாக ஆக்கச் சொல்லி நாம் அலைந்தது தனிக் கதை. எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே பதில். மைதானம் இல்லாமல் உயர்நிலைப் பள்ளி கிடையாது. பள்ளிக்குப் பக்கத்தில் காலி இடம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, ஏழுமலை வீட்டுக் களம். அவர்களுக்கு நிலம் கொஞ்சம்தான். சோளமும் உளுந்தும் கொட்டிக் காயவைக்க அந்தக் களம். ஏழுமலையின் மூத்த பெண்ணும் எட்டாவதோடு நின்றவள்தான். சின்னவள் கலா அப்போது இரண்டாம் வகுப்பில் ஸ்லேட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்கு நாம் போன சாயங்காலத்தை நான் மறக்கவில்லை. ஏழுமலையின் அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நம்மைப் பார்க்கவே இல்லை. அஞ்சலை, ஏழுமலையின் மனைவி, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நீங்கள் சுற்றி வளைக்காமல் கேட்டீர்கள். ஏழுமலை அப்பாவைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் சொன்னார்:

"எடம் குடுத்துட்டா நாங்க எங்க டீச்சர் கொட்டிக் காய வக்கறது? அத்த சொல்லுங்க மொதல்ல."

"அங்கயேதான் கொட்டணும். வேற எங்க கொட்டுவீங்க?" என்றீர்கள் நீங்கள். "லீவு நாள்ல மைதானம் உங்களுது. கேட்டைத் தொறந்து வக்கிறது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் இருக்கிற வரைக்கும்."

"சத்தியமா?"

"சத்தியம்லாம் பண்ண மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

பெரியவர் அப்போதுதான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். "சரி, எழுதிக் குடுத்துருடா" என்றார். அதோடு முடிந்தது. நம் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆனது அந்த ஒரு வார்த்தையில்தான். அரசாணை எண்ணெல்லாம் மலரில் போடுவார்கள், போடட்டும்.

ஒன்பதாவது வந்தது, பத்தாவது வந்தது. நின்றுபோன பெண்களில் சிலர் திரும்ப வந்தார்கள். வடக்கனந்தல் பக்கத்திலிருந்து சைக்கிளில் பிள்ளைகள் வந்தன. மலைமேல் ஊர்களிலிருந்து இறங்கி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வந்தன. தையும் மாசியும் வந்தால் மட்டும் நம் மைதானம் மஞ்சளாகிவிடும். சனிக்கிழமை காலையில் ஏழுமலை வண்டியில் மூட்டையைக் கொண்டுவந்து கொட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோயிலில் பூசை முடிந்து, வெள்ளைச் சேலையோடு பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்து உட்கார்ந்துவிடுவீர்கள். ஆட்டை விரட்டுவது, காக்கையை விரட்டுவது, அஞ்சலையோடு சேர்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் சோளத்தைத் துழாவிவிடுவது. சில சமயம் திங்கட்கிழமையும் காயாது. அன்றைக்குக் காலை வணக்கக் கூட்டத்தைச் சாலை ஓரத்தில் நடத்துவோம். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும். எனக்கு ஒரு நாள் முழுக்க உடம்பு அரிக்கும். என்ன சாபமோ என்று முனகுவேன். "இந்த அரிப்புக்கெல்லாம் சாவறவங்களா நாம்ப" என்பீர்கள்.

தேர்வு மையம் கேட்டு நாம் எழுதிப்போட்ட வருஷம்தான் வினையே வந்தது. நம் பிள்ளைகள் பத்தாவது பரீட்சை எழுத தியாகதுருகம் போய்க்கொண்டிருந்தார்கள். டவுனில் இருந்த மையங்களெல்லாம் நிரம்பிவிட்டன என்று அங்கே தள்ளிவிட்டார்கள். ஊர் இந்தக் கோடி, பரீட்சை அந்தக் கோடி. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பஸ். நம் பள்ளியிலேயே மையம் வந்துவிட்டால் விடிவு என்று இருந்தோம். இடத்தைப் பார்க்க ஆபீசர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது, என்றைக்கு என்று சொல்லவில்லை. அவர் வந்தது, சோளம் காயாமல் கிடந்த ஒரு திங்கட்கிழமை.

ஜீப் உள்ளே வர முடியவில்லை. மனிதர் இறங்கி, ஷூவோடு சோளத்தின் மேலேயே நடந்து வந்தார். ஓரத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த அஞ்சலைக்கு அவர் யாரென்று எப்படித் தெரியும்? சோளம் விலை பேச வந்த ஆள் என்று நினைத்திருப்பாள்.

"யோவ்! கண்ணு இல்ல? சோத்து மேல செருப்போட நடக்கறியே, நீயெல்லாம் மனுசனா? கழட்டுய்யா!"

அவர் அப்படியே நின்றுவிட்டார். ஷூவைக் கழற்றவும் மானம் இடம் கொடுக்கவில்லை, மேலே நடக்கவும் தைரியம் வரவில்லை. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். வகுப்பு ஜன்னல்களில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் சிரித்துவிட்டன. நான் ஓடினேன், நீங்கள் எனக்கு முன்னால் ஓடினீர்கள். "சார், ஓரமா வாங்க சார், இப்படி வாங்க" என்று நீங்கள் கையைக் காட்ட, அவர் திரும்பி ஜீப்புக்கே போய்விட்டார். மைதானம் தானியக் களமாக இருக்கிறது, தேர்வு மையத்துக்குத் தகுதியில்லை என்று பதில் வந்தது. அடுத்த முறை எழுதிப்போட்டபோதும் களத்தைக் காலி செய்துவிட்டீர்களா என்றுதான் கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மனு எழுதுகிற வேலை உங்களுடையது, நீங்கள் எழுதவில்லை.

அந்த முதல் பதில் வந்த அன்றைக்கு நீங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து எங்கள் எல்லோரிடமும் சொன்ன ஒரே விஷயம்: "இது அஞ்சலைக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்தம்மா சோறு எறங்காது." அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் இப்போது நான் மட்டும்தான் பள்ளியில் மிச்சம். ஒருவரும் சொல்லவில்லை டீச்சர், அதற்கு நான் சாட்சி.

கலா பத்தாவது வந்த வருஷத்தைப் பற்றி நாம் இரண்டு பேருமே அதிகம் பேசியதில்லை. கணக்குப் பரீட்சை அன்று காலை, தியாகதுருகம் பஸ்ஸில் நிற்க இடமில்லாத நெரிசலில் அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தாள். நீங்கள்தான் கூட இருந்தீர்கள். இறக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தீர்கள். பேனாவைப் பிடிக்கவே அவளால் முடியவில்லை. நீங்கள் நடத்திய கணக்கில், நீங்கள் தயார் செய்த பிள்ளை ஃபெயில். துணைத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டாள்தான். ஆனால் அதற்குள் சங்கராபுரம் பக்கம் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள்.

ரிசல்ட் வந்த அன்றைக்குத்தான் நான் உங்களிடம் கத்தினேன். அன்று சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். "யாருக்காக எடம் குடுத்தாங்களோ அந்தப் பொண்ணே போச்சு. இன்னும் அந்த மைதானத்துல சோளத்தக் கொட்டிக்கினு, சென்டர வேணாம்னு சொல்லிக்கினு... வாக்காம் வாக்கு! புள்ளைங்கள விடப் பெரிசா உங்க வாக்கு?" என்று கேட்டேன். நீங்கள் நோட்டு திருத்துவதை நிறுத்தவில்லை. சிவப்பு மை பேனாவை மூடிவிட்டுத்தான் பேசினீர்கள்.

"அதனாலதான் டீச்சர். எடத்த வாங்கிக்கினோம். பொண்ணப் படிக்க வக்கிறேன்னோம், அதுவும் முடியல. சோளம் கொட்டற எடத்தையும் புடுங்கிக்கினா அவங்களுக்கு இன்னா மிச்சம்?"

அந்த எரிச்சலில் ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. தனித்தனியாகச் சாப்பிட்டோம். கடைசியில் நீங்கள்தான் டப்பா மூடியில் மாங்காய்த் துண்டை வைத்து என் மேஜைக்குத் தள்ளினீர்கள். அதுவும் மாங்காய் புளித்தது என்பதற்காகத்தான் தள்ளினீர்கள், சமாதானத்துக்கு இல்லை என்று பிறகு சொன்னீர்கள்.

அடுத்த தையில் ஏழுமலை வரவில்லை. சனிக்கிழமை போயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. திறந்த கேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு நீங்கள் மட்டும் உட்கார்ந்திருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். திங்கட்கிழமை என்னிடம் வந்தபோது உங்கள் முகமே சரியில்லை. "கலா விஷயத்துல கோவம் டீச்சர் அவங்களுக்கு. நியாயந்தானே?" என்றீர்கள். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனீர்கள். மறுவாரம் மைதானம் மஞ்சளாகிவிட்டது. உங்கள் முகத்தில் வெளிச்சம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தவறவில்லை. ஏழுமலை செத்த வருஷம்கூட, கருமாதி முடிந்த கையோடு அஞ்சலை ஆள் வைத்து மூட்டையைக் கொண்டுவந்து கொட்டினாள். நீங்கள் ஓய்வு பெற்றீர்கள், அப்போதும் தை மாதமானால் ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். எச்.எம். மாறினார், மாறினார், மாறிக்கொண்டே இருந்தார். உங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவா போகிறீர்கள்!

இப்போது வந்து பார்த்தால் உங்களுக்கு இடம் பிடிபடாது. மாவட்டம் பிரித்த பிறகு டவுன் நம்மைத் தாண்டிப் போய்விட்டது. கரும்புக் கொல்லைகளெல்லாம் மனை. தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் நம் வாசலிலேயே நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. பத்தாவதில் ஒரு வகுப்புக்குத்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதிலும் பாதி மலையிலிருந்து வந்த பிள்ளைகள். இனி தேர்வு மையம் கேட்டால் சிரிப்பார்கள். எச்.எம். மேடம் பாவம், பள்ளியைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார். சுற்றுச்சுவருக்குப் பெயிண்ட், வாசலுக்குக் கேமரா, மைதானத்தில் பாதிக்குக் கல் பதித்து பேஸ்கட்பால் கோர்ட். கேட்டுக்குப் புதுப் பூட்டு. சாவி அவர் பையில்.

பொங்கலுக்கு முன்னால் நடந்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைச் சொன்னார். லீவு நாளில் வெளி ஆட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது, டீச்சர். இன்னும் சில மாதம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? நீங்கள்கூடக் கேட்க முடியாது. அப்படி நினைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், அந்த மைதானம் ஒரு வார்த்தைக்குக் குடுத்த எடம். தை, மாசி ஞாயித்துக்கெழமை மட்டும் அந்த அம்மாவுக்குத் தொறந்து விடணும்."

"மேம், எலி வரும், பாம்பு வரும். யாருக்காவது ஒண்ணு ஆனா நான்தானே பதில் சொல்லணும்? அதோட, அப்படி எதுவும் ரெக்கார்டுல இல்லையே."

"ரெக்கார்டுல இல்ல. நான் இருக்கேன்ல?"

சொல்லிவிட்டேனே தவிர, என் குரல் நடுங்கியது. நீங்கள் இருந்திருந்தால் நடுங்கியிருக்காது. எல்லாவற்றையும் சொன்னேன், கயிற்றுக்கட்டில் பெரியவர் வரைக்கும். ஆபீசர் கதையை மட்டும் விட்டுவிட்டேன். மேடம் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கல் பதிக்காத பாதியை விடுகிறேன், நீங்களே கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள்தான், மறுநாள் விடிந்துதான் எழுந்தேன். உங்கள் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

நேற்று பள்ளி விட்டதும் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். மெத்தை வீடாகக் கட்டியிருக்கிறார்கள். அவள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு, உங்களைச் சொல்லி ஒரு மூச்சு அழுதாள். நானும் அழுதேன். காப்பி வந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னேன். கவலைப்படாதே, டீச்சர் சொன்ன வார்த்தை வார்த்தைதான், இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட் திறந்திருக்கும், நானே உட்கார்ந்திருப்பேன் என்றேன்.

அஞ்சலை முகத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்றுமே வரவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"இன்னமும் கொட்டணுமா டீச்சர்?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா சொல்ற அஞ்சலை?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பெரிய டீச்சருக்காவ கொட்டினோம். இப்ப மிசினு வந்து அறுத்து, கொல்லையிலயே கோழித்தீவனக்காரன் எட போட்டு ஏத்திக்கினு பூட்றான். எத்தினியோ வருசமா அப்படித்தான். நாலு மூட்டைய மட்டும் நிறுத்தி வச்சி, வண்டிக்கு வாடக குடுத்து பள்ளிக்கூடத்துல கொட்டி, மறுபடி வாரிக்கினு வருவோம். எம்மருமவ திட்டும். இன்னா பைத்தியக்காரத்தனம்னு."

"அப்ப எதுக்கு அஞ்சலை கொட்டினீங்க?"

"ஒரு வருசம் கொட்டல. மிசினு வந்த மொத வருசம், கலாவுக்குக் கண்ணாலம் ஆன வருசம். டீச்சரு வூட்டுக்கே வந்துட்டாங்க. கண்ணெல்லாம் செவந்துகீது. 'ஏழுமல, எம்மேல கோவமா'ன்றாங்க. இவரு பதறிப்பூட்டாரு. 'ஐயோ, அந்தம்மா வெள்ளச் சேலையோட காத்துக்கினு ஒக்காந்துக்கினு இருந்துதாமே. இனிமே நாலு மூட்டையாவது கொட்டிடணும்டி'ன்னாரு. சாவும்போதுகூட அத்த சொல்லிட்டுத்தான் செத்தாரு."

அவள் நிறுத்தவில்லை.

"மொதல்ல இவரு கொட்ட எடம் கேட்டது எதுக்குன்றீங்க? எங்க மாமனாரு ஒத்துக்கணும்ல. கெழவனுக்குக் களம்னா உசுரு. அதுக்காவ இவரு டீச்சருகிட்ட வாய்வார்த்தையா கேட்டு வச்சாரு. கெழவன் அடுத்த வருசமே போய்ச் சேந்துட்டாரு. எங்களுக்கு அந்த எடம் போனதுல ஒண்ணுமே இல்ல டீச்சர். பொட்டப்புள்ள பத்தாவது படிக்கணும்னு குடுத்தோம். அவ்ளோதான்."

அவள் திரும்ப முறத்தை எடுத்தாள். இரண்டு தரம் புடைத்தாள். பிறகு நினைத்துக்கொண்டவள் மாதிரி நிறுத்திக் கேட்டாள்:

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். பெரிய டீச்சருகிட்ட கேட்டா பேச்ச மாத்திடுவாங்க. எங்க கலா அம்மாந்தொலவு தியாகதுருகம் போயி மயக்கம் போட்டு வுழுந்துதே... நம்ம பள்ளிக்கூடத்துலயே பரிச்ச வச்சிருந்தா பாஸாயிருக்கும்ல? இன்னாத்துக்கு டீச்சர் கடசி வரைக்கும் நமக்கு சென்டரே குடுக்கல?"

எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கான பதிலை நான் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்தேன் தெரியுமா? கலா ஃபெயிலான அன்றைக்கே போய் இவளிடம் சொல்லிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டினேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் சோளத்தை நிறுத்தியிருப்பாள், மையமும் வந்திருக்கும். நேற்று அவளே கேட்டாள். பக்கத்தில் நீங்களும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. உளுந்துத் தூசி படிந்த அந்த முகத்தைப் பார்த்தேன்.

"தெரியலியே அஞ்சலை. மேல இருக்கிறவங்க இன்னா நெனச்சாங்களோ" என்றேன்.

"உம்... அவ தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு அவள் புடைக்க ஆரம்பித்தாள்.

வாசல் தாண்டி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, டீச்சர். சாலையில் நின்று தனியாகச் சிரிக்கிறவளைப் பார்த்து ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டான். என்ன ஜென்மங்கள் நீங்கள் எல்லாம்! அவர்கள் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் திறந்து வைத்தீர்கள், உங்கள் மனசு நோகக் கூடாது என்று அவர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். நடுவில் பிள்ளைகள் வருஷா வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயின. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து "வேணாம்" என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உங்களைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. அந்த நிமிஷம்தான், நீங்கள் இல்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது. ஐப்பசி மழையில்கூட அப்படி உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் அங்கேயே மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவேன். எந்த வருஷம் எந்தக் கட்டடம் வந்தது, எத்தனை எச்.எம். மாறினார்கள், இடம் கொடுத்த ஏழுமலை குடும்பத்துக்கு நன்றி. அதில் ஒரு பொய்யும் இருக்காது. நடந்தது மட்டும் அதில் இருக்காது. அஞ்சலையைப் பற்றி உங்களிடம் சொல்ல நீங்கள் இல்லை. உங்களைப் பற்றி அஞ்சலையிடம் சொல்ல எனக்கு மனசு இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரியாத இந்த ஒரு விஷயத்தை, இனி நான் ஒருத்தியேதான் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.